போத்தலைத் திறக்காத பதினொரு நாட்கள்

1

மோர்ஃபின் மருந்தை வாயில் விட்டால் இரண்டு நாளில் ஆள் முடிந்துவிடும் என்று நான் நம்பினேன். லேசான சந்தேகம் என்று நினைத்துவிட வேண்டாம். திருவிழாவுக்கு நாள் குறித்தவன் மாதிரி அத்தனை உறுதி. டாக்டர்மார் கையை விரித்த பிறகு, அதை வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தனுப்பும் சாமான்தான் அது என்பது என் முடிவு.

ஆதாரம் இல்லாமல் பேசுகிறவன் அல்ல நான். எனக்கு எட்டு வயதில், இலங்கையில் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் எங்கள் பக்கத்து வீட்டு ஆறுமுகம் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலையில் ஊசி போட்டார்களாம், பின்னேரம் சவப்பெட்டியில் வந்தார். அது என்ன ஊசி என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வளர்ந்து பெரியவனாகி, மோர்ஃபின் என்ற பெயரை எங்கேயோ கேட்டபோது, ஆஹா, இதுதான் அது என்று நானாகவே ஒட்டிக்கொண்டேன். என் மருத்துவப் படிப்பு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் போன வருடம் கெலிஓயாவில் என் தங்கச்சி வீட்டையே ஆட்டிப் படைத்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இந்தத் திங்கட்கிழமை. நான் சுவிஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குசினியில், அதாவது சமையலறையில், வேலை செய்கிறேன். வார்டுகளிலிருந்து சாப்பிட்டு முடிந்த தட்டங்கள் ரப்பர் பட்டியில் ஊர்ந்து வரும். நாங்கள் வரிசையாக நின்று மிச்சத்தை வழித்து, கோப்பையை ஒரு பக்கம், கரண்டியை ஒரு பக்கம் பிரித்துப் போடுவோம். பிள்ளைகள் வார்டுத் தட்டம் ஒன்று வந்தது. தொடாத புட்டிங், கடித்த பாண் துண்டு, கடதாசித் துவாயின் கீழே ஊசி இல்லாத ஒரு சின்ன சிரிஞ்ச். வாய்க்குள் மருந்து விடுகிறது. கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் தட்டங்கள் முட்டி மோதி, மூன்று கோப்பை விழுந்து உடைந்து, கடைசியில் பட்டியையே நிறுத்தினார்கள். ஷெஃப் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டான். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் நான்கு முறை எழும்பி நடந்தாயிற்று.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் விளங்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவன் பொய் சொல்லத் தேவையில்லை. உண்மையைப் பாதியில் நிறுத்தினால் போதும். மிச்சத்தை ஊரே கட்டி முடித்துவிடும்.

பதினாலு வருடங்களுக்கு முன் இந்த வேலை கிடைத்தவுடன் தங்கச்சி விஜிக்கு ஃபோன் எடுத்து, "ஆஸ்பத்திரியில வேல கெடச்சிருச்சு" என்றேன். பொய்யா? இல்லை. கூடவே ஒரு படமும் அனுப்பினேன். குசினியில் எல்லோரும் வெள்ளைக் கோட்டுத்தான் போடுவோம். மயிர் விழாமல் மாட்டுகிற தலைவலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் எடுத்தேன், தலைமயிர் அப்போது நன்றாக இருந்தது. விஜியின் புருஷன் லோகு கெலிஓயாவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, முன் அறையில் சாமிப் படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் விஜி வீட்டு வாசலில் கிளினிக். ஒருவருக்குச் சீனி வியாதி, ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்கு முழங்கால். எல்லோருடைய மருந்துக் கொப்பியையும் வாங்கி, புரட்டி, "ம்ம்" என்பேன். அந்த "ம்ம்" எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் சுட்டது. லிஃப்டில் அவர் ஒருமுறை சொல்லக் கேட்டேன். பிறகு, "உப்பக் கொறைங்க, நடங்க" என்பேன். உப்பைக் குறைத்து நடந்ததால் யாரும் சாகவில்லை. என் புகழ் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

என் மகள் அபி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. உண்மையாகவே நர்சிங் படிக்கிறாள். வீட்டில் ஒருத்தி படிக்கிறாள், ஊரில் இன்னொருவன் வைத்தியம் பார்க்கிறான். சிரிப்பாகத்தான் இருந்தது, தர்ஷி விஷயம் வரும்வரை.

3

தர்ஷி விஜியின் ஒரே பிள்ளை. பத்து வயது. எலும்பில் கட்டி. கண்டியிலும் கொழும்பிலுமாக ஒன்றரை வருடம் வைத்தியம் நடந்தது. மயிர் கொட்டியது, முளைத்தது, திரும்பக் கொட்டியது. பிறகு கட்டி நெஞ்சுக்கும் முதுகுக்கும் போய்விட்டது என்றார்கள். இனி அதைக் கரைக்கிற மருந்து இல்லை, ஆனால் பிள்ளைக்குச் செய்ய நிறைய இருக்கிறது, வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம், கிழமைக்கு ஒருமுறை நர்ஸ் வருவார் என்று சொல்லி ஒரு போத்தலும் கொடுத்தனுப்பினார்கள்.

விஜி போத்தலைக் கமராவுக்கு முன் பிடித்து, "அண்ணே, இது என்னா மருந்து?" என்று கேட்டாள். நான் இடைவேளையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். லேபலை வாசித்தேன். ஆறுமுகம் அண்ணனின் பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது.

"விஜி, அத அலுமாரிக்கு மேல வை. தொறக்காத."

"வலிக்குன்னு சொன்னாங்கண்ணே."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. நான் வாரேன். நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஒரு சொட்டுக் குடுக்கக் கூடாது. லோகுகிட்டயும் சொல்லு."

சொன்ன குரல் இருக்கிறதே, அப்படியொரு குரல் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. பெரிய டாக்டர் தோற்றார். லோகு உடனே குரல் பதிவு அனுப்பினான்: "சரி மச்சான். நீங்க சொன்னாச் சரிதான். நீங்க வாறவரைக்கும் தொறக்க மாட்டோம்."

பக்கத்தில் இருக்கிற டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் குப்பைத் தொட்டிப் பக்கம் நிற்கிறவன் சொல் ஜெயித்தது. வெள்ளைக்கோட்டுப் படம் சாமிக்குக் கீழே தொங்கினால் இப்படித்தான்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அபி கரண்டியை வைத்தாள். "அப்பா, எத்தன நாள் குடுக்காம இருக்கச் சொன்னீங்க?" என்றாள். நான் போகும்வரை என்றேன். பிறகு அவள் பேசியது முக்கால்வாசி ஜெர்மன். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போதாது. எனக்குப் பயம் வந்தால் ஜெர்மன் போதாது. ஆகவே எங்கள் வீட்டில் முக்கியமான சண்டைகள் எதுவும் முடிவுக்கு வருவதில்லை. கடைசியில் தமிழுக்குத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்: "உங்களுக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லுங்க. ஏன் சொல்ல ஏலாம இருக்கு?"

"நீ ரெண்டாம் வருசம்தானே படிக்கிற" என்றேன். இரண்டு வருடம் படித்தவளிடம், ஒரு நாளும் படிக்காதவன்.

4

லீவு கிடைக்க ஒன்பது நாளானது. விண்ணப்பப் படிவத்தில் பெட்டிகள் இருந்தன: மனைவி, பிள்ளை, தாய், தகப்பன், கூடப்பிறந்தவர். தங்கச்சி பிள்ளைக்குப் பெட்டி இல்லை. அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம், எங்கள் வழக்கத்தில் காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்திருப்பவன் தாய்மாமன், சடங்கு வைத்தாலும் முதல் சீர் அவனுடையது, கலியாணத்திலும் அவனில்லாமல் எதுவும் அசையாது என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அப்படியானால் நீங்கள் தகப்பனா?" என்றாள். இல்லை என்றேன். "பாதுகாவலரா?" இல்லை. அவள் மிகவும் வருத்தத்தோடு படிவத்தைத் திருப்பித் தந்தாள். கடைசியில் அபிதான் ஒரு கடிதம் எழுதி, சம்பளமில்லாத லீவு என்று வேறு படிவம் நிரப்பி வாங்கித் தந்தாள். என்னோடு பேசாமலேயே.

போகும்வரை தினமும் வீடியோவில் தர்ஷியோடு பேசினேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பகிடிதானே. தலைவலையைக் காதுவரை இழுத்துவிட்டுப் பாடினேன். ஷெஃப் நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொள்வாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். "பாத்தியா, சிரிக்கிறா. மருந்து வேணாம்" என்று விஜியிடம் சொன்னேன்.

இதைத்தான் இப்போது நடந்து நடந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

5

லோகு தன் முதலாளியின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தான். என்னிடம் இரண்டு பெட்டி. ஒன்றில் சொக்லட். மற்றதில் காய்ச்சல் பார்க்கிற கருவி மூன்று வகை, விரலில் கவ்வுகிற ஒக்சிஜன் கருவி, முகக்கவசம் இருநூறு, கைகழுவும் திரவம் ஐந்து லீற்றர். சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்துவிட்டு, "தொஸ்தரத?" என்று சிங்களத்தில் கேட்டார். டாக்டரா என்கிறார். நான் முந்துவதற்குள், கம்பிக்கு அப்பால் காத்திருந்த லோகு "ஒவ், ஒவ்" என்று தலையாட்டினான். விட்டுவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

கடுகண்ணாவ மலை ஏறி, பேராதனை தாண்டி, கெலிஓயாவுக்கு வந்தபோது பகல் பதினொரு மணி. விஜி வாசலில் நின்றாள். அவளைப் பார்த்தவுடனேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

தர்ஷி கட்டிலில் இறால் மாதிரிச் சுருண்டு கிடந்தாள். வீடியோவில் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முகத்துக்குக் கீழே இவ்வளவு சுருண்டிருந்தது எனக்குத் தெரியாது. போர்வை மேலே படாமல் இருக்க, இரண்டு பக்கமும் தலையணை வைத்துத் தூக்கி விட்டிருந்தார்கள்.

"மாமா வந்துட்டேன் பாரு, ஏரோப்ளேன்ல எனக்குப் பக்கத்துல ஒரு ஆளு..." என்று தொடங்கினேன்.

"மாமா" என்றாள், மூச்சைப் பிடித்துப் பிடித்து. "பகிடி சொல்லாதீங்க. சிரிச்சா வலிக்குது."

"இவ்வளவு நாளா சொல்லலியே புள்ள?"

"அம்மாதான் சொன்னாங்க, மாமா தூரத்துல இருக்கார், பயந்துருவாருன்னு."

விஜி அறையை விட்டு வெளியே போனாள். நான் அலுமாரியைப் பார்த்தேன். போத்தல் மேலே இருந்தது. அதற்கு நேரே எதிர்ச் சுவரில், கதவு வழியே, படத்தில் வெள்ளைக் கோட்டோடு நான்.

உடனே எழும்பி, போத்தலை எடுத்துக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை. ஒக்சிஜன் கருவியை அவள் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றேழு காட்டியது. தொண்ணூற்றேழு நல்லதா கெட்டதா என்று தெரியாமல், "ம்ம்" என்றேன்.

6

மறுநாள் காலை நர்ஸ் ரிஸ்வானா மிஸ் வந்தார். மடவளையைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். வேக நடை, தோளில் பை, கையில் குடை. முதல் முறையாக வீட்டுக்கு வருகிறார். போன கிழமை வரவேண்டியது, மண்சரிவில் பாதை அடைபட்டதால் வரமுடியவில்லை. ஃபோனில் கேட்டபோது விஜி, "மருந்து இருக்கு மிஸ்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் சொன்னேனே, எங்கள் குடும்பமே உண்மையைப் பாதியில் நிறுத்துகிற குடும்பம்.

லோகு கதிரையைத் துடைத்துப் போட்டான். அவர் அதில் உட்காராமல் கட்டில் ஓரத்தில் தரையில் குந்தி, பிள்ளையின் கண்ணுக்கு நேரே வந்தார். பையிலிருந்து ஓர் அட்டை எடுத்தார். அதில் வட்ட வட்டமாக ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது.

"மகள், இன்டைக்கு எந்த மூஞ்சி?"

தர்ஷி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டாவது முகத்தைத் தொட்டாள்.

மிஸ்ஸும் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, "மாமா பாக்காத நேரம் எந்த மூஞ்சி?" என்றார்.

விரல் கடைசி முகத்துக்குப் போனது. போய் அங்கேயே நின்றது.

"மருந்து எங்க?"

லோகு கதிரையில் ஏறிப் போத்தலை எடுத்துக் கொடுத்தான். மிஸ் அதைத் திருப்பிப் பார்த்தார். "சீல் கூட ஒடைக்கல்ல. பதினொரு நாளா மருந்தும் வீட்டுல ஈக்குது, வலியும் வீட்டுல ஈக்குது. ரெண்டயும் தூர தூர வெச்சீக்கீங்க. யாரு சொன்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லோகு பெருமையோடு, உண்மையான பெருமையோடு, "மச்சான் சுவிஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில இருக்கார் மிஸ். அவரு பாத்துட்டுச் சொல்றேன்னாரு" என்றான்.

மிஸ்ஸின் குரல் மாறியது. ஒரே தொழில்காரரிடம் பேசுகிற குரல். அண்ணன் என்பதை அவர்கள் பக்கம் நானா என்பார்கள். "அப்பிடியா நானா? எந்த வார்ட்ல?"

"எல்லா வார்டோடயும் தொடர்பு இருக்கு" என்றேன். பாருங்கள், அப்போதும் பொய் சொல்லவில்லை. எல்லா வார்டிலிருந்தும்தான் தட்டம் வருகிறது.

"அப்ப ஒங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. சின்ன அளவுல தொடங்குவோம், நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. வலி வந்த பொறகு இல்ல, வர முந்தி." ஒரு சின்ன சிரிஞ்சை எடுத்துப் பொதியைக் கிழித்தார். லோகு அதைப் பணிவாக அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினான்.

"நீங்க குடுங்க மச்சான். எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

சிரிஞ்ச் என் கையில். அதில் கோடு கோடாக எண்கள். இந்தச் சாமான் தட்டத்தில் வந்தால் மஞ்சள் தொட்டியில் போட வேண்டும், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். தர்ஷி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மேலுதடு வேர்த்திருந்தது. நான் "மிஸ் சொல்ற மாதிரிக் குடுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்றைக்குக் கொடுப்பார்கள். நாளைக்குப் பிள்ளை கொஞ்சம் சோர்ந்தால் லோகு திரும்பவும் எனக்குத்தான் ஃபோன் எடுப்பான். நான் திரும்பவும் பயப்படுவேன். போத்தல் திரும்பவும் அலுமாரிக்கு மேலே போகும்.

"லோகு" என்றேன். "நான் தட்டுக் கழுவுறேன்."

"இப்ப என்னத்துக்கு மச்சான்? விஜி கழுவிக்குவா."

"இல்ல. அங்க. ஆஸ்பத்திரியில. என் வேல அதுதான். குசினியில தட்டுக் கழுவுறேன். மருந்தப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

வெளியே கம்பளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அந்த வெள்ளக் கோட்டு?" என்றான் லோகு.

"குசினிக் கோட்டு. சட்டையில சோஸ் படாம இருக்கப் போடுறது."

"பதினாலு வருசமாவா அண்ணே?" என்றாள் விஜி.

அப்போது தர்ஷி சிரித்துவிட்டாள். "மாமா டாக்டர் இல்ல, சோஸ் டாக்டர்" என்றாள். சிரித்த வேகத்தில் உடம்பு முறுகி, கண் மேலே செருகி, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. பதினொரு நாளாக, என் ஒவ்வொரு பகிடிக்கும் பிறகு, தலையணைப் பக்கம் திரும்பி அவள் செய்தது இதுதான்.

லோகு சிரிஞ்சை என் கையிலிருந்து எடுத்து மிஸ்ஸிடம் கொடுத்தான். "நீங்க குடுங்க மிஸ்." அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மிஸ் அளந்து, விஜிக்குக் கோட்டைக் காட்டி, கன்னத்து உட்பக்கமாக மெல்ல விட்டார். எல்லாம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மலம் இறுகாமல் இருக்க இன்னொரு மருந்து கொடுத்தார். போகும்போது வாசலில் என்னிடம், "நானா, நாங்க மவுத்துக்கு, சாவுக்கு வாற ஆக்கள்ன்டுதான் எல்லாரும் பயப்படுற. புள்ள ஈக்கிற நாள் நல்லா ஈக்கத்தான் நாங்க வாற" என்றார். பிறகு, "தட்டுக் கழுவுறது ஹலாலான தொழில்தானே. அத ஏன் ஒளிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வாங்காமலே குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

7

அரை மணித்தியாலத்தில் தர்ஷியின் கால் மெல்ல நீண்டது. பிறகு மற்றக் கால். பிறகு தூங்கினாள்.

தூங்கினாள், தூங்கினாள், தூங்கிக்கொண்டே இருந்தாள். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விஜி தட்டி எழுப்பி மருந்து கொடுப்பாள், விழுங்கிவிட்டுத் திரும்பவும் தூங்குவாள். அடுத்த நாள் பகலாகியும் தூக்கம் தெளியவில்லை. எனக்குள்ளே ஆறுமுகம் அண்ணன் எழும்பி உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள்! கணக்குச் சரி! ஒக்சிஜன் கருவியை ஒரு விரலில் மாட்டிப் பார்த்தேன், நம்பிக்கை வராமல் மற்ற விரலில் மாட்டினேன், கடைசியில் என் விரலில் மாட்டினேன். என் இதயத்துடிப்பு நூற்று முப்பது. அந்த வீட்டில் வைத்தியம் தேவைப்பட்ட ஆள் நான்தான்.

றோட்டுக்கு ஓடிப்போய் மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் பஸ்ஸில். பின்னால் கொண்டக்டர் "மடவள, மடவள" என்று கத்துகிறான்.

"மிஸ், எழும்புறா இல்ல!"

"கூப்பிட்டாக் கண் தொறக்கிறாவா?"

"தொறந்தா. என்னையப் பாத்துட்டு மூடிட்டா."

"மூச்சு நல்லா வருதா?"

"வருது."

"நானா, பதினொரு நாள் தூங்காத புள்ள. தூங்க வுடுங்க. மூச்சு மெதுவாப் போனாலோ, கூப்பிட்டுக் கண் தொறக்காட்டியோ ஒடனே எனக்குச் சொல்லுங்க. இல்லாட்டி நீங்களும் போய்த் தூங்குங்க."

பின்னேரம் நாலரைக்கு அவள் எழும்பி, சாய்ந்து உட்கார்ந்தாள். தானாக. விஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சொக்லட் கொண்டுபோயிருந்தேன், எதுவும் வேண்டாம் என்றாள். ஸ்கூல் கேட்டில் சின்னப் பையில் கட்டி விற்கிற ஐஸ் பக்கட் வேண்டுமாம், சிவப்பு நிறம். எந்தத் தண்ணியோ, எந்தச் சாயமோ என்று நான் ஆரம்பிக்கப் போனேன். லோகு, இரண்டு நாளில் முதல்முறையாக என்னை நேரே பார்த்து, "மிஸ்ட்ட கேட்டுட்டேன் மச்சான், குடுக்கலாமாம்" என்றான். போய் ஆறு வாங்கி வந்தான். பழைய மருந்துகளால் வந்த வாய்ப்புண்ணுக்கு அது இதமாக இருந்தது. நாக்குச் சிவக்கச் சிவக்க உறிஞ்சிவிட்டு, "இப்ப சொல்லுங்க மாமா" என்றாள்.

"என்னத்த?"

"ஏரோப்ளேன்ல பக்கத்துல இருந்த ஆளப் பத்தி."

8

மூன்று கிழமை அங்கே இருந்தேன். ஒருநாள் ஸ்கூலுக்குக் கொண்டுபோனோம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பேப்பர் செய்துகொண்டிருந்த வகுப்பில் கதிரை போட்டு உட்கார்ந்து, "எனக்கு எக்ஸாம் இல்லையே" என்று எல்லோருக்கும் கடுப்பேற்றினாள். வகுப்பு முழுவதிடமும் என்னைக் காட்டி, "எங்க மாமா தட்டுக் கழுவுறவர்" என்று அறிமுகப்படுத்தினாள். டாக்டர் மாமாவைவிட இது அவளுக்கு அதிகம் பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தட்டு, எதை மிச்சம் வைப்பார்கள், பிள்ளைகள் எதை ஒளித்து வைப்பார்கள் என்று விடாமல் கேட்பாள்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் விஜி கடைக்குப் போயிருந்தாள். தர்ஷி கேரம் காயை அடுக்கிக்கொண்டே, "மாமா, நான் செத்துருவேனா?" என்றாள்.

தேத்தண்ணி கொதிக்கிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அடுப்பில் தேத்தண்ணி எதுவும் இல்லை. அங்கே நின்று பீங்கானைக் கழுவினேன். கழுவியிருந்ததைத் திரும்பவும் கழுவினேன். மிஸ் சொல்லியிருந்தார்: பிள்ளை கேட்டால் பொய் சொல்லாதீர்கள், அவவுக்கு ஏற்கனவே தெரியும், நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா என்றுதான் பார்க்கிறா. திரும்பி வந்தேன்.

"தேத்தண்ணி எங்க?" என்றாள்.

"கொதிக்கல. நீ என்னா நெனக்கிற?"

"செத்துருவேன்னு நெனக்கிறேன்."

"ஆமா புள்ள. எப்பன்னு தெரியாது."

"வலிக்குமா?"

"மிஸ் இருக்காங்க. அம்மாவுக்கு மருந்து குடுக்கத் தெரியும். வலிக்க விட மாட்டாங்க."

"நீங்க மறுபடி குடுக்காதீங்கன்னு சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

கொஞ்சநேரம் காய்களை நிறம் பிரித்தாள். பிறகு, "அந்தப் படத்தக் கழட்டிட்டு, தட்டுக் கழுவுற படம் ஒண்ணு அனுப்புங்க. தொப்பியோட" என்றாள்.

இங்கே வந்து அபியிடம் கேட்டேன். குசினி வாசலுக்கு வந்து அவள்தான் படம் எடுத்தாள். தலைவலை, நீளக் கையுறை, பின்னால் மலையாகத் தட்டம். "இதில நல்லா இருக்கிறீங்க அப்பா" என்றாள். தமிழில், முழு வசனமாக. அந்தப் படம்தான் இப்போது கெலிஓயாவில், சாமிக்கு ஒரு சாண் கீழே. கிளினிக் மூடிவிட்டது. போன மாதம் ஒரேயொருவர்தான் பிரஷருக்கு ஃபோன் எடுத்தார். தெரியாது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

9

தர்ஷி ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கெலிஓயாவில், தன் கட்டிலில், விஜியின் கை அவள் கழுத்துக்குக் கீழே இருக்கும்போது இறந்தாள். லோகு கால்மாட்டில் இருந்தான். எட்டு மணிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் அரை ஐஸ் பக்கட் சாப்பிட்டிருக்கிறாள். கடைசிக் கிழமையில் ரிஸ்வானா மிஸ் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் அவள் தொட்டது முதல் அல்லது இரண்டாவது முகம். இங்கே அப்போது ஏழு மணிக்குக் கால் மணி இருந்தது, நான் பட்டியில் நின்றேன். போத்தலைத் திறந்த நாளிலிருந்து அவள் இருந்தது நான்கு மாதமும் ஆறு நாளும்.